நின்னு கெட்ட வண்டி: பழைய வில்லீஸ் பிக்கப்பை எழுப்புறப்ப வர்ற கோளாறுகளும் கண்டுபிடிக்கிற வழியும்

ஓடிக் கெட்ட வண்டிக்கு ஒரு வைத்தியம், நின்னு கெட்ட வண்டிக்கு வேற வைத்தியம். செட்டிநாட்டுப் பக்கம் கிடைக்கிற பழைய வண்டிங்க முக்காவாசி ரெண்டாவது ரகம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டைன்னு எங்க போனாலும் பெரிய வீட்டை ஒட்டி ஒரு வண்டிக் கொட்டகை இருக்கும், வீட்டு ஆளுங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, படைப்புக்கோ (முன்னோருக்குக் கும்பிடுற சடங்கு) கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கும்போதுதான் அந்தக் கொட்டகைக்குள்ள வெளிச்சமே போகும், வண்டி எல்லா பங்காளிக்கும் பொதுங்கிறதால விக்கவும் முடியாது ஓட்டவும் ஆள் இல்ல, அப்படியே நின்னுரும். அந்த மாதிரி வண்டியில போர் (சிலிண்டர் உள்சுவர்) தேஞ்சிருக்காது, கிராங்க் தேஞ்சிருக்காது, பல்லு தேஞ்சிருக்காது. ரப்பர் செத்துருக்கும், பெட்ரோல் காஞ்சு கோந்தாகியிருக்கும், எர்த் பிடிக்காது, ஒயரை எலி கடிச்சிருக்கும், வால்வு கைடுல (வால்வு ஏறி இறங்குற குழல்ல) இறுகியிருக்கும். அதனால மொத வேலையா இஞ்சினை இறக்கிப் பிரிச்சுப் போட்றாதீங்க. பிரிச்சுப் போட்ட வண்டி சாக்குமூட்டையில கிடந்தே போயிரும், அப்படி முடிஞ்ச வண்டி இந்தப் பக்கம் நிறைய இருக்கு.

இங்க சொல்ற அளவெல்லாம் வில்லீஸ் பிக்கப்புக்கு. 1947-ல வந்த வண்டி, 1950-ல இருந்து அதுல ஹரிக்கேன்னு சொல்ற 2.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். இன்டேக் வால்வு ஹெட்ல இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்லயே பக்கவாட்டுல இருக்கும், இந்த அமைப்பு பல கோளாறுக்குக் காரணமாவும் இருக்கும், கண்டுபிடிக்க வசதியாவும் இருக்கும். இதே இஞ்சின்தான் நம்ம ஊரு மகிந்திரா பெட்ரோல் ஜீப்லயும் ரொம்ப காலம் ஓடுச்சு, அதனால பாட்ஸ் கிடைக்கும், சென்னை புதுப்பேட்டையில தேடுனா இன்னும் கிடைக்கும். உங்ககிட்ட இருக்கிறது டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டுன்னா தேடுற முறை இதேதான், அளவை மட்டும் அந்த வண்டி மேனுவல்ல பாத்துக்குங்க.

ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். பாயிண்ட், கண்டென்சர், பிளக், கார்புரேட்டர் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டு ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா எது கெட்டுப்போயிருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது, இன்னொரு நாள் நடுரோட்டுல நின்னா எதைப் பாக்குறதுன்னும் தெரியாது.

இஞ்சின் அசையவே மாட்டேங்குது

ஹேண்டில் போட்டுப் பாத்தீங்க, கல்லு மாதிரி நிக்குது. உடனே ஜாம்னு முடிவு பண்ணாதீங்க. மொத செல்ஃப் மோட்டாரைக் கழட்டுங்க, அதோட பெண்டிக்ஸ் பல்லு ஃப்ளைவீல்ல சிக்கியிருந்தாலும் இப்படித்தான் நிக்கும். கியர் நியூட்ரல்ல உண்மையிலேயே இருக்கான்னும் பாருங்க, லீவர் நடுவுல நின்னாலும் உள்ள ஒரு ராடு கியர்லயே உக்காந்திருக்கலாம்.

ரெண்டும் இல்லன்னா பிஸ்டன் ரிங்தான் போர்ல துருவோட ஒட்டியிருக்கும். நாலு பிளக்கையும் கழட்டி ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஊத்துங்க, கிடைக்கலன்னா டீசலும் மண்ணெண்ணெயும் கலந்தாலும் ஆகும், கொஞ்சம் நாள் கூடுதலா பிடிக்கும் அவ்வளவுதான். ஊத்திட்டு விட்றணும். தினமும் ஒரு தடவை ஹேண்டில் போட்டு முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம் அசைச்சுப் பாருங்க, மயிரிழை அசைஞ்சாலே ஜெயிச்ச மாதிரி, அதுக்கு மேல பொறுமை மட்டும்தான் வேணும். டிராக்டர்ல கட்டி கியர்ல போட்டு இழுக்கிறது இந்தப் பக்கம் எல்லாரும் சொல்ற யோசனை, தயவு செஞ்சு பண்ணாதீங்க, ஒரு பிஸ்டன் மட்டும் ஒட்டியிருக்க மத்த மூணையும் இழுத்தா கனெக்டிங் ராடு வளையும், ரிங் உடையும். வராத இஞ்சினுக்கு ஹெட்டைக் கழட்டிப் பாக்கிறதுதான் அடுத்த வழி, இழுக்கிறது இல்ல.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மத்த விரல் பக்கமே வைங்க, சுத்திப் பிடிக்காதீங்க. பிளக் போட்டு ஸ்டார்ட் பண்ற நாள்ல ரிவர்ஸ் அடிச்சா கட்டைவிரல் எலும்பு போயிரும்.

சுத்துது, ஆனா ஒரு சிலிண்டர்ல மட்டும் கம்ப்ரஷன் இல்ல

இது நின்னு கெட்ட வண்டிக்கே உரிய கோளாறு. நாலு சிலிண்டரும் அளந்து பாருங்க, 100 பி.எஸ்.ஐ-க்கு மேல இருந்து ஒண்ணுக்கொண்ணு 10-க்குள்ள வித்தியாசம் இருந்தா சந்தோஷமா மூடிட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஒண்ணுல மட்டும் சுத்தமா இல்லன்னா எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடியே கைடுல இறுகி நிக்குதுன்னு வச்சுக்குங்க. பிளாக்கோட பக்கவாட்டு மூடியைக் கழட்டி ஒருத்தரை ஹேண்டில் சுத்தச் சொல்லுங்க, எது மேலயே நிக்குதுன்னு கண்ணாலயே தெரியும். கைடுல ஊடுருவுற ஆயிலை விட்டு ஊற வச்சு, அது மேல நிக்கும்போது பக்கவாட்டு மூடி வழியாவே மெல்ல நெம்பி இறக்கணும், திரும்ப சுத்தணும், திரும்ப இறக்கணும், அது தானா இறங்குற வரைக்கும் இப்படியே. இன்டேக்னா இன்னும் சுலபம், மேல ராக்கர் கவரைத் திறந்தாலே போதும்.

எல்லா சிலிண்டர்லயும் கம்மியா இருந்தா ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஏறுச்சுன்னா ரிங், ஏறலன்னா வால்வு. ரிங்னு வந்தாலும் பயப்படாதீங்க, நின்ன இஞ்சின்ல ரிங் பள்ளத்துல பிசின் ஏறி ஒட்டியிருக்கும், நூறு கிலோமீட்டர் ஓடுனா பல நேரம் தானா விட்டுக்கொடுத்துரும், ஓட்டிட்டு அப்புறம் அளந்து முடிவு பண்ணுங்க. டேப்பெட் கேப்பு இன்டேக்குக்கு 18 தௌ (ஒரு தௌன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு), எக்ஸாஸ்ட்டுக்கு 16 தௌ, இஞ்சின் ஆறியிருக்கும்போது.

ஆயில் பிரஷர் முள்ளு எந்திரிக்க மாட்டேங்குது

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே இதைப் பாத்துரணும். பிளக் இல்லாம செல்ஃப்ல சுத்துனா கொஞ்ச நேரத்துல முள்ளு அசையணும், அசையலன்னா மேல போகாதீங்க. இந்த இஞ்சின்ல ஆயில் பம்ப் வெளியில பிளாக்கோட பக்கத்துல மாட்டியிருக்கும், வருஷக்கணக்கா நின்னா அதுக்குள்ள இருக்கிற ஆயில் எல்லாம் இறங்கி காஞ்சுரும், காஞ்ச பம்ப் உறிஞ்சாது. பம்ப் மூடியைத் திறந்து உள்ள பல்லு நிறைய வாசலின் அடைச்சு மூடுங்க, அது போதும் உறிஞ்ச ஆரம்பிக்க, பிறகு ஆயிலோட கரைஞ்சு போயிரும். கிரீஸ் அடைக்காதீங்க, கரையாது.

அப்பவும் வரலன்னா சம்ப்பை (இஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டி ஆயில் உறிஞ்சுற வலையைப் பாருங்க, அடியில களிமண் மாதிரி கருப்பு வண்டல் தேங்கியிருக்கும். எப்படியும் ஒரு தடவை சம்ப்பைக் கழட்டிக் கழுவித்தான் ஆகணும்னு நான் சொல்வேன், கழுவாம புது ஆயில் ஊத்துனா அந்த வண்டல் இளகி வலையை அடைச்சுரும்.

பம்ப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, பிளக்குக்கு கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற டெல்கோவை (டிஸ்ட்ரிபியூட்டர்) சுத்துறதே அந்த ஆயில் பம்ப் ஷாஃப்ட்தான். பம்ப்பை உருவி திரும்ப மாட்டும்போது ஒரு பல்லு தள்ளி உக்காந்தா டைமிங் மொத்தமும் போயிரும். மொத நம்பர் சிலிண்டரை ஃபயரிங் நிலையில நிறுத்தி, ரோட்டார் எந்தப் பக்கம் பாக்குதுன்னு போட்டோ எடுத்து வச்சுட்டு அப்புறம் உருவுங்க.

நல்லா சுத்துது, ஆனா புடிக்கல

மொத ஸ்பார்க், அப்புறம்தான் பெட்ரோல். இந்த வரிசையை மாத்தாதீங்க, ஸ்பார்க் பாக்க ஒரு நிமிஷம், கார்புரேட்டர் பிரிக்க அரை நாள்.

டெல்கோ மூடியைத் திறந்து பாயிண்ட்டை (காயிலுக்குப் போற கரண்டை விட்டு விட்டு வெட்டுற முனை) பாருங்க. பார்வைக்கு நல்லா இருக்கும், ஆனா மேல சாம்பல் நிறத்துல ஒரு படலம் கட்டியிருக்கும், அது கரண்டை விடாது. மெல்லிசு அரம் போட்டு ஒரு இழுப்பு, அப்புறம் கெட்டி அட்டையை ஸ்பிரிட்ல நனைச்சு நடுவுல விட்டு இழுங்க. கேப்பு 20 தௌ. ஸ்பார்க் வந்தும் மஞ்சளா மெலிஞ்சு வந்தா கண்டென்சரை மாத்துங்க, பழைய கண்டென்சரை நம்பவே கூடாது, அதே சமயம் புதுசா வாங்குறதையும் ரெண்டா வாங்கி ஒண்ணை வண்டியிலயே வைங்க, இப்ப வர்ற சரக்கு தரம் ஒரே மாதிரி இல்ல. காயில் எத்தனை வோல்ட்னு அது மேலயே எழுதியிருக்கும், ஆரம்ப கால வில்லீஸ் 6 வோல்ட், பின்னாடி வந்ததுதான் 12. யாராவது நடுவுல பேட்டரியை மட்டும் 12-ஆ மாத்தி காயிலை அப்படியே விட்டிருந்தா பாயிண்ட் கருகிக்கிட்டே இருக்கும்.

ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பிளக் கேப்பு 30 தௌ. டைமிங், பிஸ்டன் மேல்முனைக்கு வர்றதுக்கு முன்னாடி 5 டிகிரி. ஸ்பார்க் நல்லா நீலமா வருது, பெட்ரோலும் போகுது, ஆனா கார்புரேட்டர் வழியா தும்முது, சைலன்சர்ல வெடிக்குதுன்னா, மேல சொன்ன அந்த ஆயில் பம்ப் விஷயத்துக்குத் திரும்பிப் போங்க, எவரோ எப்பவோ கழட்டி மாத்தி மாட்டியிருப்பாங்க. பிளக் ஒயரை இடம் மாத்தி மாத்தி ஒப்பேத்தலாம்தான், ஆனா நேராக்கிறதுதான் சரி, அடுத்து ரிப்பேர் பாக்கிறவரு குழம்பாம இருப்பாரு.

பெட்ரோல் ஊத்துனா புடிக்குது, ரெண்டு செகண்ட்ல அணைஞ்சிருது

ஸ்பார்க் சரி, கம்ப்ரஷன் சரி, டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் எங்கயோ அடைப்பு. டேங்க்கை மறந்துட்டு ஒரு சின்ன கேன்ல சுத்தமான பெட்ரோல் எடுத்து உயரத்துல கட்டி நேரா கார்புரேட்டருக்கு டியூப் குடுங்க. ஓடுச்சுன்னா கார்புரேட்டர் தப்பிச்சிருச்சு, கோளாறு அதுக்குப் பின்னாடி. இதை வீட்டுக்குள்ளயோ கொட்டகைக்குள்ளயோ பண்ணாதீங்க, வெளிய எடுத்துட்டு வந்து தீயணைப்பான் பக்கத்துல வச்சுக்கிட்டு பண்ணுங்க, பழைய கொட்டகை மேல ஓலையும் மரமும்தான் இருக்கும்.

டேங்க்ல இருந்து பெட்ரோலை இழுத்துக் குடுக்கிற ஏசி பம்ப்ல டயாஃப்ரம் (உள்ள இருக்கிற சவ்வு) காஞ்சு வெடிச்சிருக்கும். இதுல ஒரு ஆபத்து இருக்கு, நிறைய பேரு கவனிக்கிறது இல்ல. கிழிஞ்ச டயாஃப்ரம் வழியா பெட்ரோல் நேரா சம்ப்புக்குள்ள இறங்கும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனை வந்தாலோ ஆயில் அளவு குறையாம ஏறிக்கிட்டே போனாலோ அந்த இடத்துலயே நிறுத்துங்க. பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கை அரிச்சுரும்.

இப்ப பங்க்ல ஊத்துற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டி செஞ்ச காலத்து ரப்பர் அதைத் தாங்காது. ஹோஸ் உள்பக்கம் ஊறி உப்பி உதிரும், வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். அதனால ஹோஸ், டயாஃப்ரம், வாஷர் எல்லாமே எத்தனால் தாங்குற ரகமா கேட்டு வாங்குங்க, விட்டான் (Viton) ரப்பர்னு கேட்டா கடையில தெரியும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரொம்ப நாள் நின்னா தண்ணி தனியா பிரிஞ்சு டேங்க் அடியில தங்கி அங்கயே துரு பிடிக்கும். இது மாசத்துக்கு ஒரு தடவை ஓடுற பொழுதுபோக்கு வண்டி, அதனால மழைக்காலம் முழுக்க நிறுத்தப் போறீங்கன்னா டேங்க்கை வடிச்சு கார்புரேட்டரையும் காய வச்சு நிறுத்துங்க. எத்தனால் கலந்ததால கலவை கொஞ்சம் மெலிசாவும் ஆகும், பிளக் வெள்ளையா வந்தா கார்புரேட்டர் ஜெட்டை ஒரு படி பெருசாக்கலாம்.

டேங்க் ஓட்டையா இருந்தா நீங்களா வெல்டிங் வைக்காதீங்க. பத்து வருஷம் காலியா கிடந்த டேங்க்கும் வெடிக்கும், பெட்ரோல் ஆவி போகவே போகாது. இதுலயே பழகுன பட்டறையில குடுங்க.

நல்லா ஓடுது, சூடானதும் நின்னுருது, ஆறுனதும் புடிக்குது

சித்திரை வெயில்ல காரைக்குடியில இருந்து திருமயம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க, இந்தக் கோளாறு இருந்தா கண்டிப்பா வெளிய வரும். காரணம் நாலு: பெட்ரோல் ஆவியாகி லைன்ல அடைக்கிறது, காயில், கண்டென்சர், டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைச்சது. நாலுக்கும் வெளிய தெரியுற அறிகுறி ஒண்ணுதான், அதனால நின்ன அந்த நிமிஷத்துல என்ன பாக்கிறீங்கங்கிறதுதான் முக்கியம், ஆற விட்டா சாட்சி போயிரும்.

இறங்குன உடனே டேங்க் மூடியைத் திறங்க. உஸ்னு காத்து உள்ள இழுத்தா மூடிதான் காரணம், ஊசியால குத்தி ஓட்டையைத் திறந்துட்டா கதை முடிஞ்சுது. சத்தம் இல்லன்னா உடனே ஒரு பிளக் ஒயரை எடுத்து ஸ்பார்க் பாருங்க. ஸ்பார்க் இல்லன்னா காயில் இல்ல கண்டென்சர், கையில இருக்கிற ரெண்டாவது கண்டென்சரை மாட்டிப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுரும். ஸ்பார்க் இருக்குன்னா ஏசி பம்ப்ல இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்க, பாதி காலியா குமிழி குமிழியா இருந்தா ஆவி அடைப்பு. ஈரத்துணியை பம்ப் மேல போட்டு அஞ்சு நிமிஷம் பொறுத்தா ஸ்டார்ட் ஆகும். இந்த இஞ்சின்ல ஏசி பம்ப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம் இருக்கிறதால இது பிறவிக் கோளாறுதான், எத்தனால் பெட்ரோல்ல இன்னும் கூடுதலா வருது. நடுவுல ஒரு தகடு வெட்டி மறைப்பு வச்சு, பெட்ரோல் லைனை மேனிஃபோல்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்க. பழைய வண்டிங்கள்ல அந்தத் தகடு கழண்டு போயிருக்கும், யாரும் திரும்ப மாட்டியிருக்க மாட்டாங்க.

தண்ணி கொதிக்குது

நம்ம போர்த்தண்ணி உப்பும் சுண்ணாம்பும். அந்தத் தண்ணியை வருஷக்கணக்கா ரேடியேட்டர்ல ஊத்துன வண்டி உள்ள வெள்ளையா படிஞ்சு நிக்கும். ரேடியேட்டர் கடையில மேல் டேங்க்கை எடுத்து கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்கணும், வெறும் தண்ணி பாய்ச்சுறதுல போகாது. ஆனா ரேடியேட்டரை மட்டும் சுத்தம் பண்ணிட்டு பிளாக்கை விட்றாதீங்க. பிளாக்ல தண்ணி வடிக்கிற குழாயைக் கழட்டிப் பாருங்க, பல நேரம் ஒரு சொட்டும் வராது, உள்ள சேறு இறுகியிருக்கும். கம்பியால குத்திக் குத்தி எடுங்க, முக்கியமா கடைசி சிலிண்டர் பக்கம். அப்புறம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஊத்தி சூடாக்கி வடிங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும்.

அதுக்கப்புறம் போர்த்தண்ணி கூடாது. கூலண்ட்டை பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து ஊத்துங்க. வளவுல (வீட்டு நடுமுற்றத்துல) கூரைத் தண்ணி விழுற இடத்துல அண்டா வச்சுப் பிடிக்கிற வழக்கம் இன்னும் சில வீட்டுல இருக்கு, மொத மழையை விட்டுட்டு அடுத்த மழையில பிடிச்ச தண்ணின்னா அதுவும் நல்ல தண்ணிதான், சுண்ணாம்பு கிடையாது.

எல்லாம் சுத்தம், அப்பவும் சூடாகுதுன்னா டைமிங் பின்தங்கியிருக்கான்னு பாருங்க. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஆறுன இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதே விடாம குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட். புது வண்டிக்கான பிரஷர் மூடியை இதுக்குப் போடாதீங்க, பழைய ரேடியேட்டரோட ஈயப்பத்து பிரிஞ்சுரும்.

கிளட்ச் மிதிச்சாலும் கியர் கரகரன்னு கத்துது

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீல்ல ஒட்டியிருக்கு. கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். பெடலோட ஃப்ரீபிளே ஒரு இஞ்சு பக்கம் இருக்கான்னு சரி பாத்துட்டு, பெடலை மிதிச்சு ஒரு கட்டையை முட்டுக் குடுத்து ராத்திரி முழுக்க விடுங்க. விடலன்னா, பிரேக் வேலை செய்யுற வண்டியா இருந்தா மட்டும், இஞ்சினை நல்லா சூடாக்கி அணைச்சுட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டல்ல ரெண்டாவது கியர்ல போட்டு செல்ஃப்லயே கிளப்பி, கிளட்ச்சை மிதிச்சபடி ஆக்ஸிலேட்டரைக் குடுத்துக் குடுத்து விடுங்க. பட்டுனு ஒரு சத்தத்தோட பிரியும்.

பிரேக்

இதுல அறிகுறி வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன், நாலு வீல். எங்க ஒரு சொட்டு ஒழுகுனாலும் நாலும் போச்சு. நின்ன வண்டின்னா மாஸ்டர் சிலிண்டர் கிட், நாலு வீல் சிலிண்டர், மூணு ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் பாக்காமலே மாத்துங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்னு மேல சொன்னேன், பிரேக்குக்கு மட்டும் அந்த விதி கிடையாது.

மிதிச்சு விட்டபிறகு வண்டி பிடிச்சுக்கிட்டே நின்னா ஹோஸ் உள்ள உப்பி ஒரு வழியா அடைச்சிருக்கு. ஒரு பக்கம் இழுத்தா எதிர்ப்பக்க வீல் சிலிண்டர் இறுகியிருக்கு, இல்ல லைனிங்ல ஆயில் பட்டிருக்கு. பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தா ஏர். சிலிண்டர் உள்ள துரு குழி இருந்தா ஹோன் பண்ணி ஒப்பேத்தாதீங்க, லேத்துல குடுத்து பித்தளை ஸ்லீவ் போட்டா மறுபடி துருவே பிடிக்காது. ஆயில் டாட் 3, வேற எந்த எண்ணெயும் சேரக் கூடாது. டிரம்முக்குள்ள இருக்கிற பழைய தூசியை காத்து அடிச்சு ஊதாதீங்க, அந்தக் கால லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியில துடைச்சு எடுங்க.

ஹேண்ட் பிரேக் இந்த வண்டியில வீல்ல கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்வீலுக்கும் பின்வீலுக்கும் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) பின்னாடி ஷாஃப்டைப் பிடிக்கும். அதனால ஹேண்ட் பிரேக் போட்டுட்டு பின்வீல் ஒண்ணை ஜாக்கில தூக்குனா வண்டி உருண்டுரும், டிஃபரன்ஷியல் வழியா தூக்குன வீல் சுத்தும், தரையில இருக்கிறது நகரும். எப்பவும் முன்வீலுக்குக் கட்டை வச்சுட்டுத்தான் தூக்கணும். அடியில படுத்து வேலை பாக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லுங்க.

செல்ஃப் மெதுவா சுத்துது, லைட் மங்குது, சார்ஜ் ஏறல

மூணுக்கும் மொத சந்தேகம் எர்த். பேட்டரியில இருந்து சேசிஸ், சேசிஸ்ல இருந்து இஞ்சின், ரெண்டு இடத்துலயும் பளபளன்னு இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டி இறுக்குங்க. பெயிண்ட் அடிச்ச பிறகு இது இன்னும் மோசமா வரும், அழகா பெயிண்ட் அடிச்சு எல்லா போல்ட்டையும் மாட்டியிருப்பீங்க, பெயிண்ட் வழியா கரண்ட் போகாது, ஒரு லைட்டும் எரியாது, ஒயரிங்கையே சந்தேகப்பட்டுக்கிட்டு நிப்பீங்க. 6 வோல்ட் வண்டின்னா செல்ஃப் கேபிள் ரொம்ப தடிமனா இருக்கணும், கடையில கிடைக்கிற 12 வோல்ட் கேபிளைப் போட்டா எவ்வளவு நல்ல பேட்டரியும் திணறும்.

எர்த் சரி, டைனமோ சுத்துது, சார்ஜ் வரலன்னா அதைக் கெட்டதுன்னு சொல்லி தூக்கிப் போட்றாதீங்க. டைனமோவுக்குள்ள கொஞ்சம் காந்தம் மிச்சம் இருந்தாத்தான் அது கரண்ட் எடுக்க ஆரம்பிக்கும், ரொம்ப நாள் நின்னா அந்தக் காந்தம் போயிரும், திரும்ப ஏத்தணும். வில்லீஸோட வந்த ஆட்டோலைட் வகைன்னா இஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது ரெகுலேட்டர்ல பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு ஒயரால ஒரு நொடி தொட்டு எடுங்க. பின்னாடி யாராவது லூகாஸ் டைனமோ மாட்டியிருந்தா முறை வேற, ஃபீல்டு ஒயரைக் கழட்டி பேட்டரி லைவை டைனமோவோட ஃபீல்டு முனையில ஒரு நொடி தொடணும். எந்த வகைன்னு உறுதி பண்ணாம தொட்டா ரெகுலேட்டர் கருகும். துணி சுத்துன பழைய ஒயரு இருந்தா மொத்தமா மாத்துங்க, ஒட்டுப் போட வேண்டாம், எலி கடிச்ச இடம் ஒண்ணு வெளிய தெரிஞ்சா உள்ள பத்து இருக்கும்.

துரு

நம்ம ஊரு கடலை ஒட்டி இல்லாததால தகடு முழுக்க அரிச்ச வண்டி கம்மிதான். எங்க அரிச்சிருக்கும்னா, மண்தரையில நின்னிருந்தா சேசிஸ் அடிப்பக்கம், வைக்கோலும் சாக்கும் போட்டு வச்சிருந்தா பின்னாடி சரக்கு ஏத்துற பெட்டோட மூலை, எலியும் மரநாயும் குடியிருந்தா சீட்டுக்கு அடியில.

சின்ன பாகங்களுக்கு மின்சாரம் வச்சு துரு எடுக்கிறதை விட நல்ல முறை எனக்குத் தெரிஞ்சு இல்ல, நல்ல இரும்பை அது தொடவே தொடாது. பிளாஸ்டிக் டிரம்ல தண்ணி, சலவை சோடா, பேட்டரி சார்ஜர், கழிவு இரும்புக் கம்பி. சார்ஜரோட நெகட்டிவ் துரு பிடிச்ச பாகத்துக்கு, பாசிட்டிவ் கழிவுக் கம்பிக்கு. மாத்திக் குடுத்தா உங்க பாகம் கரைஞ்சுரும். எவர்சில்வரைக் கம்பியா போடவே கூடாது, அதுல இருந்து வர்ற குரோமியம் விஷம். ஹைட்ரஜன் வரும், வெட்டவெளியில வைங்க, பக்கத்துல பீடி சிகரெட் கூடாது. கார்புரேட்டர், ஏசி பம்ப் மாதிரி அலுமினியம் சேர்ந்த பாகங்களை இதுல போடாதீங்க, அரிச்சுரும். ஸ்பிரிங்கும் வேண்டாம், ஹைட்ரஜன் ஏறி நொறுங்குற மாதிரி ஆயிரும். இதுக்குப் பின்னாடி இருக்கிற மின்வேதியியலுக்குன்னே ஒரு பெரிய நிலையம் நம்ம காரைக்குடியிலதான் இருக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து 1948-ல நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல திறக்கப்பட்ட சிக்ரி, துரு பிடிக்கிறதும் தடுக்கிறதும் அங்க ஆராய்ச்சி பண்ற முக்கியமான விஷயங்கள்ல ஒண்ணு. நம்ம பசங்க சயின்ஸ் படிச்சா இந்த டிரம் பக்கத்துல உக்கார வைங்க, ஒரு பாடமே நடத்தலாம்.

துரு எடுத்த அன்னைக்கே காய வச்சு பிரைமர் அடிச்சுரணும், விட்டா மறுநாளே செம்பழுப்பு ஏறிரும். டிங்கரிங்ல தகடை வெட்டிப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்க, ஓட்டை மேல பட்டி போட்டு மூடுனா உள்ள துரு ஓடிக்கிட்டே இருக்கும்.

சின்னச் சின்ன ரெண்டு

ரெண்டாவது கியர் தானா கழண்டு விழுந்தா உள்ள தேய்மானம், இதுக்கு மட்டும் கியர்பாக்ஸ் இறக்கித்தான் ஆகணும். ஆயில் ஜிஎல் 4 ரகம் 90 நம்பர் போடுங்க, ஜிஎல் 5 வேண்டாம், பித்தளை பாகங்களுக்கு ஆகாது. கியர்பாக்ஸ்ல குறைஞ்சு டிரான்ஸ்ஃபர் கேஸ்ல ஏறியிருந்தா நடுவுல சீல் போயிருக்கு.

ஸ்டியரிங் ஒரு வேகத்துல கடகடன்னு ஆடுனா மொத டயரு. ஒரே இடத்துல நின்னு தட்டையான டயர் பார்வைக்குத் தெரியாது. அப்புறம் டை ராடு முனை, கிங்பின் பேரிங் இறுக்கம், லீஃப் ஸ்பிரிங் புஷ்னு வரிசையா போங்க.

வண்டி ஓடுது, ஆனா ரோட்டுல ஏத்த முடியல

ஆர்.சி காலாவதி. 2021 ஜூலையில மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு, 50 வருஷம் தாண்டின சொந்த உபயோக வண்டிக்கு வின்டேஜ்னு தனிப் பதிவு வாங்கலாம். நம்பர்ல மாநில எழுத்துக்கு அப்புறம் விஏ-ன்னு வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. பழைய ஆர்.சி, இன்சூரன்ஸ் காகிதம் வேணும். கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு ஓட்டலாம், தினசரி ஓட்டவோ வாடகைக்கு சரக்கு ஏத்தவோ கூடாது.

இதுல முக்கியமான நிபந்தனை, வண்டி அசல் உருவத்துல இருக்கணும், சேசிஸ், பாடி, இஞ்சின்ல பெரிய மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது. பட்டறையில போனா டீசல் இஞ்சின் தூக்கி வச்சுரலாம் தம்பி, கிலோமீட்டர் நல்லா குடுக்கும்பாங்க. அந்த ஹரிக்கேன் இஞ்சினை எழுப்ப முடியாதுன்னு உறுதியா தெரியுற வரைக்கும் அதுக்குச் சம்மதிக்காதீங்க, மாத்திட்டா இந்தப் பதிவு கிடைக்காது. சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் தகடுகளைத் தேய்க்காம, பெயிண்ட் படாம டேப் ஒட்டி வைங்க. ஆர்.சி பெரியவங்க பேர்லயே இருந்தா வாரிசுச் சான்றிதழும் பங்காளிங்க எல்லாரோட சம்மதக் கையெழுத்தும் கேப்பாங்க, வீடு திறந்து எல்லாரும் கூடுற படைப்பு சமயத்துலயே அதை வாங்கிருங்க.